சிக்கிள் செல் உள்ளவருக்குக் கிரியாட்டினின் நார்மல் என்றால் சிறுநீரகம் நலமா? (கூடலூர், பந்தலூர் பக்கத்தவர்கள் கட்டாயம் படிக்கவும்)

சேரம்பாடி அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். பந்தலூர் பக்கக் கிராமங்களில் சுகாதாரப் பணி செய்கிறேன். என் தம்பிக்கு சிக்கிள் செல் நோய், சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய். கேரியர் (மரபணுவைச் சுமந்தும் நோய் இல்லாதவர்) இல்லை, நோயே இருக்கிறது. வயது 24. அதற்கான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறான், ஆனால் இடையிடையே மாத்திரை கிடைக்காமல் விட்டுப்போகும்.

போன மழைக்காலத்தில் கை கால் குடைச்சல் தாங்காமல் சமவெளியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டார்கள், வலி அடங்கியது. வீட்டுக்கு வரும்போது டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டில் சிறுநீரில் புரதம் 2+ என்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன். கிரியாட்டினின் 0.6 தான், கிட்னி அருமையாக இருக்கிறது, தேவையில்லாமல் பயப்படாதீர்கள் என்றார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் ஊரில் சிக்கிள் இருந்த ஒருவர் நாற்பதைத் தாண்டியதும் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் டயாலிசிஸ் வரை போய் இறந்துபோனார். அவருக்கும் பல வருடம் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மரபணு ஆய்வுக்கு என்று சிலர் ஊருக்கு வந்து ரத்தம் கேட்கிறார்கள். தம்பி கொடுக்கட்டுமா என்கிறான். அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் குன்னூர்:

அக்கா, 2+ என்று அச்சாகி வந்த பிறகு கிரியாட்டினினைக் காட்டி ஆறுதல் சொன்னது சரியே இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில். சிறுநீரகம் எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற தசைக்கழிவின் அளவு சொல்லும், அதுவும் தோராயமாகத்தான். வடிகட்டி ஒழுக ஆரம்பித்துவிட்டதா என்பதைச் சிறுநீரில் வரும் புரதம் சொல்லும். ஒழுகல் முதலில் வரும், கிரியாட்டினின் ஏறுவது பல வருடம் கழித்து.

நிறம் மாறும் ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் முக்கிப் பார்ப்பதில் இன்னொரு சங்கதி உண்டு. அது சிறுநீரின் அடர்த்தியைப் பொறுத்து நிறம் மாறும். சிக்கிள் நோயாளிகளின் சிறுநீர் பெரும்பாலும் நீர்த்துப்போய் வரும். அவ்வளவு நீர்த்த சிறுநீரிலும் 2+ காட்டுகிறது என்றால் அதில் வெளியே போகும் புரதம் குறைவாக இருக்காது.

செய்ய வேண்டிய பரிசோதனையின் பெயர் யூரின் ஏசிஆர். சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். அடர்த்தி கூடினாலும் குறைந்தாலும் விகிதம் ஏமாற்றாது. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் கொஞ்சம் போதும், 24 மணி நேரம் கேனில் பிடித்துவைக்க வேண்டியதில்லை. கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 30 முதல் 300 வரை ஆரம்பக்கட்டக் கசிவு. 300க்கு மேல் என்றால் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சலோ வலியோ இருக்கும் நேரத்தில் எடுத்தால் தற்காலிகமாகக் கூடியிருக்கலாம். எல்லாம் அடங்கிய பிறகு எடுங்கள், அப்புறம் மூன்று மாதத்துக்குள் மறுபடி ஒருமுறை எடுத்து உறுதிசெய்யுங்கள்.

கோத்தகிரி நெப்ரோ:

நான் சிறுநீரக மருத்துவம் படித்தவன். சொந்த ஊர் கோத்தகிரி, வேலை கோயம்புத்தூரில். தம்பியை நேரில் பார்க்காமல் இன்ன மருந்து, இன்ன அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் சந்தேகம் நூற்றுக்கு நூறு நியாயமானது அக்கா, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆக்சிஜன் குறையும்போதுதான் சிக்கிள் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான இழைகளாகி, சிவப்பணுவை அரிவாள் மாதிரி வளைக்கிறது. அமிலத்தன்மை கூடினாலும், அணுவிலிருந்து நீர் வெளியேறினாலும் இன்னும் வேகமாக வளையும். உடம்பில் இந்த மூன்றும் ஒரே இடத்தில் எப்போதும் இருப்பது எங்கே என்றால், சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவில். ஆக்சிஜன் குறைவு, அமிலம், உப்பு அடர்த்தி மூன்றும் அங்கே இயற்கையாகவே உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் குளிர், காய்ச்சல் போன்றவை தூண்டும்போது அடைப்பு வரும். மெடுல்லாவின் மெல்லிய ரத்தக் குழாய்களிலோ அது தினமும் சத்தமில்லாமல் நடக்கிறது. வலியும் தெரியாது.

முதலில் போவது சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன். இது குழந்தைப் பருவத்திலேயே போக ஆரம்பித்துவிடும். அதனால்தான் நிறையச் சிறுநீர், அடிக்கடி தாகம், இரவில் பலமுறை எழுந்திருத்தல்.

அடுத்த கட்டம்தான் எல்லோரையும் ஏமாற்றுவது. ரத்தசோகை காரணமாகவும், மெடுல்லாவில் சுரக்கும் சில பொருள்கள் காரணமாகவும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடுகிறது. வடிகட்டிகள் தேவைக்கு மேல் உழைக்கின்றன. நடுவட்டம் ஏற்றத்தில் பாரம் ஏற்றிய ஜீப்பை முதல் கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஓட்டுவது போல. வண்டி ஏறத்தான் செய்யும், என்ஜின் தேய்வது மீட்டரில் தெரியாது. இந்தக் கட்டத்தில் கிரியாட்டினின் இயல்பைவிடக் குறைவாகவே காட்டும். போதாததற்கு, சிக்கிள் உள்ளவர்களுக்குச் சதைப்பிடிப்பு குறைவு, அதனால் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. வடிகட்டலைத் தவிர சிறுநீரகக் குழாய்கள் வழியாகவும் வழக்கத்தைவிட அதிகக் கிரியாட்டினின் வெளியே போகிறது. ஆக 0.6 என்பது நற்சான்றிதழ் ஆகாது. இன்று 0.5 இருப்பவருக்கு நாளை 1.0 ஆனால் ரிப்போர்ட்டில் அச்சடித்த நார்மல் எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்திருக்கலாம்.

அதனால்தான் 2014இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலில் 10 வயதிலிருந்தே வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம் பார்க்கச் சொன்னார்கள். கசிவு உறுதியானால் ஏசிஇ தடுப்பான்கள் அல்லது லோசார்ட்டான் வகை மாத்திரைகள் தரலாம் என்று அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே பழைய, விலை மலிவான மாத்திரைகள்தான். பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் கூடாது.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துவது பற்றித் தம்பியின் மருத்துவரிடம் பேசுங்கள். ஐபுபுரூஃபனும் அதே வகை. ஏற்கெனவே திணறும் மெடுல்லாவுக்கு வரும் ரத்தத்தை இந்த மருந்துகள் மேலும் குறைக்கும். சிறுநீரில் புரதம் போகும் சிக்கிள் நோயாளிக்கு ஒரு மாதத்துக்கு டைக்ளோஃபெனாக் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வலிக்கு வேறு வழி இருக்கிறது. பாராசிட்டமால் உண்டு, கடுமையான வலி என்றால் மருத்துவமனையில் சேர்த்துத் தர வேண்டிய மருந்துகளும் உண்டு. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, அது தெளிவாக இருக்கட்டும்.

தேவாலா வாத்தியார்:

டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் வேலை பார்த்தவன் நான். வகுப்பில் அடிக்கடி தண்ணீர் கேட்கும் பிள்ளைகள், பாடம் பாதியில் இருக்கும்போது வெளியே போக அனுமதி கேட்கும் பிள்ளைகள், இரவில் படுக்கையை நனைத்துவிட்டு அழும் பிள்ளைகள். விடுதியில் அவர்களைத் திட்டுவார்கள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே என்று ஒரு விதியே இருந்தது. சிக்கிள் உள்ள பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துவது என்ன செய்யும் டாக்டர்?

கோத்தகிரி நெப்ரோ:

ஆபத்து சார். சாதாரணப் பிள்ளைக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் சிறுநீரை அடர்த்தியாக்கி நீரைச் சேமிக்கும். இந்தப் பிள்ளைக்கு அந்தத் திறன் கிடையாது. குடிக்காவிட்டாலும் நீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ரத்தம் கெட்டிப்பட்டு அடைப்பு வரும். அதிகாலையில் வலி எடுத்து அழும் பிள்ளைகளில் சிலருக்கு இது காரணமாக இருந்திருக்கலாம். நம் மலையில் மார்கழி, தை உறைபனி வேறு. குளிரே தனியாக வலியைக் கிளப்பும்.

விடுதிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். சிக்கிள் அட்டை (பரிசோதனை முடிவு எழுதிய அட்டை) வைத்திருக்கும் பிள்ளைக்கு எந்த நேரமும் குடிக்கத் தண்ணீர், எந்த நேரமும் கழிப்பறைக்குப் போக அனுமதி, குளிருக்குக் கம்பளி.

சேரம்பாடி அக்கா:

வாத்தியார் சார், இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி. நானும் அப்படி ஒரு விடுதியில் படித்தவள்தான்.

மஞ்சூர் தேயிலை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் சிக்கிள் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் போய் டயாலிசிஸ் நடக்கிறது. ஹீமோகுளோபின் 7க்கு மேல் ஏறவே இல்லை. வாரம் ஒரு ஊசி போடுகிறார்கள். ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்துதானே கொடுக்க வேண்டும், கிட்னிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் யாரும் நின்று பதில் சொல்வதில்லை. இங்கே இரண்டையும் சேர்த்துப் பேசுகிறீர்களே என்று கேட்கிறேன்.

இரட்டைச்சுருள்:

அண்ணா, நான் மரபியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், நானும் கோத்தகிரிதான். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கதையைத் தொடுகிறது.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று கண்காணிப்பதே சிறுநீரகம்தான். குறைந்தால் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜைக்குச் சிவப்பணு செய்யச் சொல்லும். சிறுநீரகம் பழுதானால் அந்தச் செய்தி போகாது. இரும்புச்சத்து நிறைய இருந்தாலும் மஜ்ஜை வேகம் பிடிக்காது. அம்மாவுக்குப் போடும் ஊசி பெரும்பாலும் அந்த ஹார்மோனாகத்தான் இருக்கும்.

அதை முதலில் எப்படிப் பிரித்தெடுத்தார்கள் தெரியுமா? ஜப்பானில் குமமோட்டோவில் தகாஜி மியாகே என்ற மருத்துவர், எலும்பு மஜ்ஜை செயலிழந்த ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீர் சேகரித்தார். மஜ்ஜை வேலை செய்யாததால் அவர்கள் உடல் அந்த ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து சிறுநீரில் தள்ளிக்கொண்டிருந்தது. அதை உலர்த்தி அமெரிக்காவில் சிகாகோவில் இருந்த யூஜின் கோல்ட்வாஸரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1977இல் சுத்தமான எரித்ரோபொய்ட்டின் சில மில்லிகிராம் கிடைத்தது. அதை வைத்து மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 1989இல் சிறுநீரக நோயாளிகளுக்கு மருந்தாக அனுமதி கிடைத்தது. ஒரு ரத்த நோயால் அவதிப்பட்டவர்களின் சிறுநீரிலிருந்து, சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்துக்கு மருந்து. அந்த நோயாளிகள் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் உலகத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆக்சிஜன் குறைவை செல் எப்படி உணர்கிறது என்பதைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த அறிவிலிருந்து ஊசிக்குப் பதில் மாத்திரையாகவே வரும் மருந்துகள் பிறந்தன. அவற்றில் டெசிடுஸ்டாட் நம் நாட்டில் உருவானது, 2022இல் இங்கே அனுமதி பெற்றது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று அவர்களுடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

கோத்தகிரி நெப்ரோ:

தம்பி சொன்னது சரி. மஞ்சூர் அண்ணா, ஊசி போட்டும் ஏறவில்லை என்றால் உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். மஜ்ஜைக்குச் செய்தியும் வேண்டும், சரக்கும் வேண்டும். உடம்பில் நோய்த்தொற்று, அழற்சி இருந்தாலும் ஊசி சரியாக வேலை செய்யாது.

சிக்கிள் வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிக்கிள் நோயோடு சிறுநீரகமும் பழுதாகி இந்த ஊசி போட நேர்ந்தால், ஹீமோகுளோபினை 10க்கு மேல் ஏற்றக் கூடாது. ரத்தம் கெட்டியாகி அடைப்பு வரும். மற்ற டயாலிசிஸ் நோயாளிக்கு வைக்கும் கணக்கை இவர்களுக்கு அப்படியே வைக்க முடியாது. ஹைட்ராக்ஸியூரியாவின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது.

இரட்டைச்சுருள்:

அக்காவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆய்வுக்கு ரத்தம் கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சிக்கிள் செல் ஆராய்ச்சியில் நம் நீலகிரி மலைக்குப் பெரிய இடம் உண்டு. 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் இந்த அணுக்களை முதன்முதலில் எழுதிவைத்தார். 1949இல் லைனஸ் பாலிங் குழு, இது ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ள கோளாறு என்று காட்டியது. 1957இல் வெர்னான் இங்க்ராம், பீட்டா குளோபின் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். இதற்கிடையே 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் தென்னிந்தியாவில் சிக்கிள் இருப்பதை வெளியிட்டார்கள். அவர்கள் பரிசோதித்தது நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தம். அதுவரை இது பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

அப்புறம் தெரிந்தது, இந்தியாவில் உள்ள சிக்கிள் மரபணு தனி வழியில் வந்தது என்று. அரபு-இந்திய ஹாப்லோடைப் (சேர்ந்தே கடத்தப்படும் மரபணு மாற்றங்களின் தொகுப்பு) என்பார்கள். இந்த வகை உள்ளவர்களுக்குக் கருக்கால ஹீமோகுளோபின் பெரியவர்களான பிறகும் கூடுதலாகவே இருக்கும். அது சிக்கிள் இழைகள் ஒட்டுவதைத் தடுக்கும். ஹைட்ராக்ஸியூரியா செய்வதும் முக்கியமாக இதைத்தான், அந்தப் பழைய ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. பிசிஎல்11ஏ என்ற மரபணுவின் ஒரு சுவிட்சை வெட்டி, கருக்கால ஹீமோகுளோபினைத் திரும்பக் கிளப்பிவிடுகிறது.

சிறுநீரகத்துக்கு வந்தால், சிக்கிள் நோயாளிகளில் யாருக்குச் சீக்கிரம் கெடும் என்று சொல்ல மேற்கு நாடுகளில் ஏபிஓஎல்1 என்ற மரபணுவைப் பார்க்கிறார்கள். 2010இல் கண்டுபிடித்தது. ஆனால் அந்த மாற்றங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் தூக்க நோய்க் கிருமிக்கு எதிரான பாதுகாப்பாகத் தோன்றியவை. நம் சனத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நம் மக்களில் யாருக்கு வரும், ஏன் வரும் என்று தெரிய வேண்டும் என்றால் நம் மக்களைத்தான் ஆராய வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

சேரம்பாடி அக்கா:

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு தேதி என்னைப் பிடித்துக்கொண்டது. 1952. அப்போது என் பாட்டி சின்னப் பெண். அன்று தொடங்கி எங்கள் சனத்தின் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. எழுதினார்கள், பட்டம் வாங்கினார்கள். ஆனால் இன்று 24 வயதுப் பையனுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்ல ஆள் இல்லை. சங்கிலியில் ஆறாவது இடம் வரை தெரிந்தவர்களுக்கு, மாத்திரை ஏன் எங்கள் ஊருக்கு மாதா மாதம் வந்துசேரவில்லை என்று தெரியவில்லை.

கோபத்தில் எழுதவில்லை. ஆய்வு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொடுப்பவருக்கு என்ன திரும்பி வருகிறது என்று கேட்கிறேன்.

லேப் குன்னூர்:

அக்கா கேட்பது நியாயம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லோரும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் இல்லை. கோத்தகிரியில் 1958 முதல் நடக்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும், 1990 முதல் கூடலூரில் இருக்கும் ஆதிவாசி மருத்துவமனையும் தங்கிப் பார்த்தவர்கள். வீடு வீடாகப் பரிசோதித்து, மருந்து கொடுத்து, ஆதிவாசிப் பெண்களையே செவிலியராக்கி வளர்த்தார்கள். தம்பிக்கு மாத்திரை விட்டுப்போகாமல் இருக்க அங்கே பதிவு இருக்கிறதா பாருங்கள்.

மத்திய அரசின் சிக்கிள் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1இல் தொடங்கியது. 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. பரிசோதனை நடக்கிறது, அட்டையும் தருகிறார்கள். ஆனால் நோய் உள்ளவர் என்று அட்டை கொடுத்த பிறகு அவருக்கு வருடா வருடம் ஏசிஆர் பார்ப்பது நடக்க வேண்டும். ஆட்டோ அனலைசர் உள்ள எந்த லேபிலும் செய்யக்கூடியதுதான். என் ஒரே ஆதங்கம் அது.

இரட்டைச்சுருள்:

அக்கா, உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். 1952க்குப் பிறகு வந்த ஆய்வுகளால் ஹைட்ராக்ஸியூரியா வந்தது. 9 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த பேபி ஹக் ஆய்வு 2011இல் வெளிவந்தது. குழந்தைகளுக்கு வலி குறைந்தது, சிறுநீரை அடர்த்தியாக்கும் திறனும் ஓரளவு மேம்பட்டது. வாத்தியார் சார் சொன்ன பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே அந்த மருந்து கிடைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். ஆக, ஆய்வு பயன் தந்தது. அந்தப் பயன் மலையேறி வரவில்லை என்பதும் உண்மை.

கிரிஸ்பர் சிகிச்சையைப் பற்றியும் மிகைப்படுத்த மாட்டேன். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். மஜ்ஜையைக் கீமோ மருந்தால் காலிசெய்துவிட்டுத்தான் திருத்திய செல்களைத் திரும்பச் செலுத்துவார்கள், அதற்கு உறுப்புகள் தாங்க வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே மோசமாகிவிட்டவருக்கு அந்தக் கதவும் மூடிவிடலாம். அதனால் நாளைக்கு வரப்போகும் சிகிச்சைக்காகவாவது இன்றைக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

தேவாலா வாத்தியார்:

மாதிரி கொடுப்பது பற்றி நானும் சொல்கிறேன். அமெரிக்காவில் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கு என்று ரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய் பற்றியும், அவர்கள் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்திவிட்டார்கள். வழக்குப் போட்டு, 2010இல் பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, மிச்சமிருந்த ரத்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. அந்த மக்கள் அவற்றைத் தங்கள் மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்) 2017 நெறிமுறைகள் பழங்குடியினரிடம் ஆய்வு செய்யத் தனிக் கவனம் வேண்டும் என்கின்றன. புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். நடுவில் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு.

எனவே வருபவர்களிடம் உட்காரவைத்துக் கேளுங்கள் அக்கா. நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் எங்கே? இந்த மாதிரியை இந்த ஆய்வுக்கு மட்டுமா, பிறகு வேறு எதற்கும் பயன்படுத்துவீர்களா? எங்கே வைப்பீர்கள், யாருக்குக் கொடுப்பீர்கள்? சிறுநீரில் அல்புமின் கண்டுபிடித்தால் எத்தனை நாளில் எங்களுக்குச் சொல்வீர்கள், சொன்ன பிறகு எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்களுக்கு மாதிரி கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இரட்டைச்சுருள்:

சார், கடைசி வரியை ஏற்கிறேன். எங்கள் துறையிலேயே இதை விதியாக்க வேண்டும்.

மஞ்சூர் தேயிலை:

அட்டை என்றதும் ஒரு சந்தேகம். கல்யாணத்துக்கு முன் பையன் அட்டையையும் பெண் அட்டையையும் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களாமே. ஜாதகப் பொருத்தம் போல ரத்தப் பொருத்தமா?

லேப் குன்னூர்:

இரண்டு பேரும் கேரியர் என்றால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் அதே கணக்கு, முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்பது கிடையாது. ஒருவர் மட்டும் கேரியர், மற்றவர் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்றால் சிக்கிள் நோயுள்ள குழந்தை பிறக்காது. மற்றவருக்குத் தலசீமியா (இன்னொரு பரம்பரை ரத்த நோய்) மரபணு இருந்தாலும் சிக்கல் வரும், அதனால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி பரிசோதனைதான் சரி. கரைதிறன் சோதனை சிக்கிள் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், கேரியரா நோயாளியா என்று பிரிக்காது. தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லதுதானே.

சேரம்பாடி அக்கா:

அண்ணா, தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் ஊரில் நடப்பது வேறு. பையன் அட்டையை யாரும் கேட்பதில்லை, பெண்ணின் அட்டையைத்தான் கேட்கிறார்கள். கேரியர் என்று தெரிந்ததும் நோயாளி என்று பேசி ஒதுக்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கேரியருக்கு நோய் இல்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். அட்டையைக் கையில் திணித்துவிட்டு ஜீப் ஏறிப் போய்விடக் கூடாது. கல்யாணத்தைத் தடுப்பதைவிட, கர்ப்பமான ஆரம்பத்திலேயே கணவன் மனைவி இருவருக்கும் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கச் செய்வது மேல் என்று நினைக்கிறேன்.

லேப் குன்னூர்:

இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும் அக்கா. முன்கூட்டியே தெரிவதுதான் நல்லது என்பேன். பையன் அட்டையையும் கேட்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. யாரும் நோயாளியின் பெயர், ஊர்க்கூட்டத்தின் பெயர், ரிப்போர்ட்டின் படம் போட வேண்டாம்.

ஒரு தகவல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் சிக்கிள் செல் நோய், தலசீமியா, ஹீமோஃபிலியா மூன்றும் உண்டு. சான்றிதழ் எடுக்காதவர்கள் விசாரியுங்கள்.

பர்லியாறு:

கேரியருக்கு நோய் இல்லை என்று அக்கா சொன்னதால் கேட்கிறேன். நான் கேரியர், கல்லூரியில் படிக்கிறேன். போன வாரம் பந்து விளையாடிவிட்டு வந்தபோது சிறுநீர் கோகோ கோலா நிறத்தில் போனது. வலி இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மருந்துக்கடையில் சூடு என்று சொல்லி ஒரு சிரப் கொடுத்தார்கள். விட்டுவிடலாமா?

கோத்தகிரி நெப்ரோ:

விடக் கூடாது தம்பி. கேரியருக்குச் சாதாரண வாழ்க்கை, சாதாரண ஆயுள் என்பது உண்மைதான். ஆனால் நான் மேலே சொன்ன மெடுல்லாவின் சூழல் மிகக் கடுமையானது, கேரியரின் அணுக்களும் அங்கே வளையக்கூடும். அதனால் சிறுநீரில் ரத்தம் வருவது கேரியர்களிடம் தெரிந்த விஷயம். பெரும்பாலும் தானாக நிற்கும். சில சமயம் உள்ளே இருக்கும் திசுவின் நுனி பட்டுப்போய் உதிர்ந்திருக்கும்.

மிக அரிதாக, சிறுநீரக மெடுல்லா புற்றுநோய் என்று ஒன்று உண்டு. 1995இல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்டது. வருவது பெரும்பாலும் சிக்கிள் கேரியரான இளம் வயதினருக்கு. வெகுசிலருக்குத்தான் வரும், தூக்கம் கெட வேண்டாம். ஆனால் வலியில்லாமல் ரத்தம் போன கேரியருக்கு ஒருமுறையாவது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். கடுமையாக ஓடியாடிய பிறகு தசை சிதைந்து அதன் நிறமி இறங்கினாலும் சிறுநீர் இதே நிறத்தில் போகும், அது சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். உடம்பு வலி, தொடை இறுக்கம் இருந்ததா? விளையாடும்போது தண்ணீர் குடித்தாயா? ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் யூரின் ரொட்டீன், ஏசிஆர், சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), வயிற்று அல்ட்ராசவுண்ட் நான்கும் கேள். கேரியர் என்பதை நீயே முதலில் சொல்லு, அட்டையைக் கையோடு எடுத்துப் போ.

பர்லியாறு:

தொடை வலி இருந்தது டாக்டர். தண்ணீர் எடுத்துப் போகவில்லை. திங்கட்கிழமை போகிறேன்.

கோத்தகிரி நெப்ரோ:

திங்கள் வரை வேண்டாம். இன்று மாலையே அவசரப் பிரிவில் காட்டு. சிபிகேயும் பொட்டாசியமும் இன்றே பார்க்க வேண்டியவை. பஸ் கிடைக்காவிட்டால் குன்னூர் அரசு மருத்துவமனைக்குப் போ, அது உனக்குப் பக்கம். ரிசல்ட் வந்ததும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பு.